புல் ஏன் மெழுகியதுபோல் தெரிகிறது?

வாசகர் கேள்வி – பதில்

செய்மதித் தொலைக்காட்சியில் 4கே விளையாட்டு ஒளிபரப்பைப் பார்ப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதியனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழும்பு வாசகர்களுடையவை; ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே ஏமாற்றம் தொனிக்கிறது. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து, எட்டுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினோம். மேலதிகக் கட்டணம் செலுத்தி 4கே விளையாட்டு அலைவரிசையையும் எடுத்தோம். அதே ஆட்டத்தை எச்.டி. அலைவரிசையிலும் 4கே அலைவரிசையிலும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், வித்தியாசமே தெரியவில்லை. என் கண்ணில் குறையா, கருவியில் குறையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வெள்ளவத்தை

பதில்: கண்ணைக் குறைசொல்ல வேண்டாம். '4கே' என்ற சொல், உங்கள் திரைக்கு வந்துசேரும் படத்தில் எத்தனை படப்புள்ளிகள் (பிக்சல்கள்) உள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. மைதானத்தில் இருந்த கமரா எத்தனை படப்புள்ளிகளைப் பிடித்தது என்பதை அது சொல்வதில்லை. எச்.டி. படத்தில் 1920க்கு 1080 என்ற கணக்கில் ஏறக்குறைய 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. யூ.எச்.டி. எனப்படும் 4கே படத்தில் 3840க்கு 2160 என்ற கணக்கில் ஏறக்குறைய 82 இலட்சத்து 94 ஆயிரம் புள்ளிகள், அதாவது சரியாக நான்கு மடங்கு. எச்.டி.யில் பிடித்த படத்தை நான்கு மடங்காக்கி அனுப்பினால், நான்கில் மூன்று புள்ளிகள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்து நிரப்பப்பட்டவையாகவே இருக்கும். அப்ஸ்கேலிங் என்பது இதுதான்.

முழுமையாக 4கேயில் தயாரிக்கப்பட்ட விளையாட்டு நிகழ்வுகள் இருக்கின்றன. 2014 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இறுதியாட்டம் உட்பட மூன்று ஆட்டங்கள் பரீட்சார்த்தமாக 4கேயில் படம்பிடிக்கப்பட்டன. 2018இல் 64 ஆட்டங்களும் யூ.எச்.டி.யில் தயாரிக்கப்பட்டன. ஆனால் 2020 பெப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த சூப்பர் போல் என்ற அமெரிக்கக் கால்பந்தாட்ட இறுதியாட்டம், 4கே என்று விளம்பரப்படுத்தப்பட்டபோதிலும், 1080 கோட்டுப் படமாகத் தயாரிக்கப்பட்டுப் பின்னர் அப்ஸ்கேல் செய்யப்பட்டே ஒளிபரப்பானது. அதைத் தயாரித்தவர்கள் அதனை மறைக்கவும் இல்லை. நான்கு மடங்கு தரவைக் கையாள்வதற்கு ஒளிபரப்பு வாகனத்தின் இணைப்புகள், படங்களை மாற்றும் கருவி, மீள்காட்சிகளைச் சேமிக்கும் கணினிகள் ஆகிய எல்லாமே அதற்கேற்ற கொள்ளளவு கொண்டிருக்க வேண்டும். அதனால்தான், பிரதான கமராக்கள் 4கேயில் இருந்தாலும் மிக மெதுவாகக் காட்டும் கமராவும் விக்கெட்டுக்குள் வைத்த கமராவும் பெரும்பாலும் அதற்குக் குறைவான தரத்திலேயே இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தில் கவனித்துப் பாருங்கள்: பந்துவீச்சாளர் ஓடிவரும் காட்சி கூர்மையாக இருந்து, ஆட்டமிழப்பின் மீள்காட்சி வந்தவுடன் படம் சற்று மங்கினால், அந்த ஒளிபரப்பு கலவையானது என்று அறியலாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மென்மையாக இருந்தால், முழுவதும் அப்ஸ்கேல் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும்.

இருப்பினும், அப்ஸ்கேலிங் என்றாலே மோசடி என்று நான் எழுதமாட்டேன். வழமையான எச்.டி. அலைவரிசை பெரும்பாலும் '1080ஐ' (1080i) என்ற முறையில் வருகிறது. அம்முறையில் வினாடிக்கு 50 தடவை 540 கோடுகள் மட்டுமே மாறிமாறி வரும். 4கே அலைவரிசையோ, மூலப்படம் 1080 கோடுகளாகவே இருந்தாலும், வினாடிக்கு 50 முழுச் சட்டகங்களாகவும் (தனித்தனிப் படங்களாகவும்), கூடுதல் பிட் விகிதத்தோடும் (வினாடிக்கு அனுப்பப்படும் தரவின் அளவோடும்), விரிந்த நிறங்களோடும் வரலாம். அப்படி வந்தால் அது எச்.டி. அலைவரிசையை விடத் தெளிவாகவே இருக்கும். என் மனக்குறை வேறு. எது முழு 4கே, எது அப்ஸ்கேல் செய்யப்பட்டது என்று பணம் கட்டுபவருக்குத் திரையில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லாமல் இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டுவதுதான் தவறு.

இனித் தூரம். அண்மையில் உங்கள் பகுதியிலேயே, காலி வீதிக்கு அருகிலுள்ள தொடர்மாடி ஒன்றில், உறவினர் வீட்டில் இதே முறைப்பாடு எழுந்தபோது தையல் நாடாவை எடுத்து அளந்து பார்த்தோம். சோபாவிலிருந்து திரைக்கு 11 அடி இருந்தது. 55 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 27 அங்குலம். சாதாரணப் பார்வையுள்ளவர் திரை உயரத்தின் 3.2 மடங்கு தூரத்துக்கு, அதாவது 7 அடிக்குச் சற்று அப்பால் போய்விட்டால், எச்.டி. படத்தின் தனிப்புள்ளிகளையே கண் பிரித்தறியாது. அதைவிடச் சிறிய 4கே புள்ளிகளால் அங்கே பயன் ஏதும் இல்லை. 4கேயின் நுட்பம் முழுவதும் தெரிய மூன்றரை அடி அளவில் உட்கார வேண்டும். அந்த வீட்டில் சோபாவை 6 அடிக்கு இழுத்தோம். களத்தடுப்பாளரின் சட்டை இலக்கத்துக்குக் கீழே துணியின் மடிப்பு தெரிந்தது. சாப்பாட்டு மேசைக்குப் போகும் வழி அடைபட்டதால் மறுநாள் சோபா பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்று பின்னர் அறிந்தேன். கொழும்பு வீடுகளில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு கிடையாது. ஆயினும் உங்கள் வீட்டிலும் ஒருமுறை 6 அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் செட் டொப் பொக்ஸில் வெளியீட்டை 2160பி (2160p, அதாவது 4கே அளவு) என்று மாற்றினேன். அதன்பின் எந்த அலைவரிசையைப் போட்டாலும், செய்தி அலைவரிசை உட்பட, தொலைக்காட்சியில் 'யூ.எச்.டி.' என்றே காட்டுகிறது. எல்லாமே 4கே ஆகிவிட்டதா?
– மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. பொக்ஸ் தானே எல்லாவற்றையும் அப்ஸ்கேல் செய்து அனுப்புகிறது. தொலைக்காட்சி தனக்கு வந்த அளவைக் காட்டுகிறது. செய்மதியிலிருந்து என்ன வந்தது என்பது அந்த எழுத்தில் இல்லை.

பொக்ஸில் உள்ள அப்ஸ்கேலரை விடத் தொலைக்காட்சிப் பெட்டியில் உள்ளது பொதுவாகத் தரமானது. ஆகவே 'மூல வடிவம்' என்ற பொருளில் ஒரு தெரிவு உங்கள் பொக்ஸில் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். வந்த படம் வந்தபடியே தொலைக்காட்சிக்குப் போகும். எந்த அலைவரிசை உண்மையில் என்ன அளவில் வருகிறது என்பதையும் அப்போது உங்கள் திரையே காட்டிக்கொடுக்கும். அலைவரிசை மாற்றும்போது ஓரிரு வினாடிகள் திரை கறுப்பாகலாம். அதைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

இதற்கு எதிர்மாறான தவறு என் வீட்டில் நடந்தது. இணைப்புக் கொடுக்க வந்த தொழில்நுட்பவியலாளர் பொக்ஸின் வெளியீட்டை 1080ஐயிலேயே விட்டுவிட்டுச் சென்றார். நானும் 4கே அலைவரிசைக்கு எட்டு மாதங்கள் கட்டணம் செலுத்தி, 1080ஐ படத்தைத் தொலைக்காட்சி அப்ஸ்கேல் செய்ய, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்துக்கு மூன்று தடவை தொலைபேசியில் முறையிட்டும், பொக்ஸை அணைத்து மீண்டும் போடுங்கள் என்ற பதிலே கிடைத்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பட்டியலுக்குள் நுழைந்து தேடியபோதுதான் தவறு புலப்பட்டது. இதைப் படிப்பவர்கள் இன்றிரவே அந்த ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது மைதானத்துப் புல் முழுவதும் பச்சை நிறத்தால் மெழுகியதுபோல் ஆகிவிடுகிறது. கமரா நின்றவுடன் புல் மீண்டும் தெரிகிறது. வேகப்பந்து வீச்சில் பந்துக்கு வால் முளைக்கிறது. 4கேயில் இப்படி நடக்கலாமா?
– கடை உரிமையாளர், தெமட்டகொடை

பதில்: வந்த கடிதங்களில் மிகக் கூர்மையான அவதானிப்பு இதுதான். நீங்கள் குறிப்பிடுபவை இரண்டு வெவ்வேறு குறைகள்.

புல் மெழுகுவது பிட் விகிதப் பற்றாக்குறை. ஒளிபரப்பில் ஒவ்வொரு சட்டகமும் முழுதாக அனுப்பப்படுவதில்லை. முந்தைய சட்டகத்திலிருந்து மாறியவை மட்டுமே பெரும்பாலும் அனுப்பப்படுகின்றன. செய்தி வாசிப்பவர் அமர்ந்திருக்கும்போது மாறுபவை அவருடைய உதடும் கண்ணும்தான். கமரா பந்தைத் துரத்தும்போதோ ஆயிரக்கணக்கான புல் இதழ்களும் பார்வையாளர் முகங்களும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கொடுக்கப்பட்ட பிட் அளவுக்குள் அவ்வளவையும் சொல்ல முடியாத நிலையில், சுருக்கும் கருவி முதலில் கைவிடுவது புல்லின் நுண்மையைத்தான். கமரா நின்றதும் மீதி விவரங்களை அனுப்ப அவகாசம் கிடைக்கிறது; புல் திரும்பி வருகிறது.

செய்மதியில் சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பொண்டர் சாதாரணமாக வினாடிக்கு 40 முதல் 60 மெகாபிட் வரையே சுமக்கும். 2013இல் வெளியான எச்.ஈ.வி.சி. சுருக்க முறையைப் பயன்படுத்தினாலும், ஓடியாடும் விளையாட்டை 4கேயில் கண்ணியமாகக் காட்ட 20 மெகாபிட்டும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. அதே இடத்தில் பல எச்.டி. அலைவரிசைகளை வைத்து வருமானம் பெறலாம் என்பதால், 4கே அலைவரிசையின் பங்கைக் குறைக்கும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரும். பிட் குறைந்த 4கே படத்தை விட, பிட் நிறைந்த எச்.டி. படம் கிரிக்கெட்டுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் குறையை வீட்டிலிருந்தபடி எந்த அமைப்பை மாற்றியும் தீர்க்க முடியாது.

பந்தின் வால் வேறு கதை. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஒரு வினாடியில் ஏறக்குறைய 39 மீற்றர் கடக்கிறது. வினாடிக்கு 25 சட்டகங்கள் என்றால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து ஒன்றரை மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். 50 சட்டகங்கள் என்றால் முக்கால் மீற்றரைச் சற்றுத் தாண்டும். பந்துவீச்சாளரின் கையிலிருந்து துடுப்பை அடையும் அரை வினாடிக்குள் முன்னதில் பன்னிரண்டு படங்களையும் பின்னதில் இருபத்தைந்து படங்களையும் காண்கிறோம். விளையாட்டுக்குப் படப்புள்ளியின் எண்ணிக்கையை விடச் சட்டகங்களின் எண்ணிக்கை முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். தொலைக்காட்சி இடைச்சட்டகங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பும் 'அசைவு மென்மையாக்கல்' உங்கள் பெட்டியில் உச்சத்தில் இருந்தால், வேகப்பந்தின் பாதையைத் தவறாகக் கணித்து வாலையும் சில வேளைகளில் இரண்டாவது பந்தையும் உருவாக்கும். அதை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். 'கூர்மை' என்ற அளவையும் இறக்குங்கள். வீரர்களின் உடலைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைவது அதுதான்.

கேள்வி: ஒக்டோபர் மாத மாலை மழையில் 4கே அலைவரிசை மட்டும் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது. சாதாரண அலைவரிசைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மழையில்லாத நாளிலும் படம் மங்கலாக இருப்பதற்கு டிஷ்தான் காரணமா?
– இல்லத்தரசி, தெஹிவளை

பதில்: மங்கலுக்கு டிஷ் காரணமாகாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படம் படிப்படியாக மங்குவதில்லை. ஓர் எல்லை வரை முழுத் தெளிவோடு நிற்கும், எல்லையைத் தாண்டியதும் சதுரங்களாக உடையும், பின்னர் நிற்கும். மங்கலான படம் என்றால் அது அனுப்பப்பட்டதே அப்படித்தான், அல்லது உங்கள் பொக்ஸிலோ தொலைக்காட்சியிலோ அமைப்புத் தவறு.

உடைவதற்கு வருவோம். செய்மதித் தொலைக்காட்சி வரும் கேயூ (Ku) அலைக்கற்றையை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனப்படுத்துகின்றன. கூடுதல் தரவை அடைத்து அனுப்பும் உயர்தர அலைவரிசைகளுக்குப் பெரும்பாலும் வலுவான சிக்னல் தேவைப்படுவதால், அவையே முதலில் விழுகின்றன. மழையை நிறுத்த முடியாது. கையிருப்பில் உள்ள சிக்னலை வீணாக்காமல் இருக்கலாம். தெஹிவளையில் கடற்காற்று வீசும் மொட்டை மாடி என்றால், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்.என்.பி.யில் கேபிள் திருகப்பட்ட இணைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் அந்த முனை பச்சை பூத்திருப்பதையும், கேபிளுக்குள் ஈரம் இறங்கியிருப்பதையும் நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நமது நெடுங்கோட்டுக்கு அண்மையிலுள்ள செய்மதிகளை நோக்கும் டிஷ் ஏறக்குறைய வானத்தை நிமிர்ந்து பார்ப்பதால், அதில் சருகும் காகம் கொண்டுவந்து போட்ட குச்சியும் தங்கிவிடுகின்றன. அதையும் துடைத்துவிடுங்கள். ஆளை அழைத்தே செய்விப்பது பாதுகாப்பு. ஈரமான மாடி விளிம்பில் நீங்கள் ஏற வேண்டாம்.

கேள்வி: 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின் லாகூர் இறுதியாட்டத்தை மறுஒளிபரப்பில் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அரவிந்த டி சில்வாவின் முகமே தெரியவில்லை. எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் இருந்தார்கள். அன்று எங்கள் பழைய 21 அங்குலப் பெட்டியில் எவ்வளவு தெளிவாகப் பார்த்தோம்!
– கிரிக்கெட் இரசிகர், மாளிகாவத்தை

பதில்: அந்த மார்ச் 17ஆம் திகதி இரவை மறக்காதவர்களில் நானும் ஒருவன். உங்கள் நினைவு பொய்யல்ல. அன்றைய படம் அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள். இன்றைய 4கே திரையின் புள்ளிகள் அதைப்போல் சரியாக 20 மடங்கு. ஆகவே இருபதில் பத்தொன்பது புள்ளிகளைத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்புகிறது. பழைய குழாய்ப் பெட்டியின் சிறிய திரையும் அதன் இயல்பான மென்மையும் குறைகளை மூடி மறைத்தன. பருமனுக்குக் காரணம், நான்குக்கு மூன்று என்ற பழைய வடிவப் படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து நிரப்புவது. பட அளவை 4:3 என்று மாற்றி, இரு பக்கமும் கறுப்புப் பட்டியை விட்டுவிடுங்கள். அரவிந்த ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்ற அந்த இன்னிங்ஸைப் பிள்ளைகளுக்குச் சரியான உருவத்தில் காட்டுங்கள். சற்றுப் பின்னால் உட்காரவும் சொல்லுங்கள்.

கேள்வி: 4கே அலைவரிசையில் எச்.டி.ஆர். என்று வந்தவுடன் படம் இருண்டு, நிறங்கள் வெளிறிப்போகின்றன. எச்.டி.ஆர். படத்தை மேம்படுத்தும் என்றல்லவா கடையில் சொன்னார்கள்?
– தாதி, பம்பலப்பிட்டி

பதில்: பிரேமதாச மைதானத்தில் பகலிரவு ஆட்டமொன்றின் மாலை வேளையை நினைத்துப் பாருங்கள். பார்வையாளர் அரங்கின் நிழல் ஆடுகளத்தின் பாதியை மூடியிருக்கும். மறுபாதியில் வெயில் கொளுத்தும். சாதாரண ஒளிபரப்பில் நிழலைக் காட்டினால் வெயில் வெளுக்கும், வெயிலைக் காட்டினால் நிழலில் நிற்கும் களத்தடுப்பாளர் கறுப்புருவமாவார். இரண்டையும் ஒரே சட்டகத்தில் காட்டுவதற்காக வந்ததே எச்.டி.ஆர். என்னைக் கேட்டால், 4கே ஒளிபரப்பின் உண்மையான பெறுமதி நான்கு மடங்கு புள்ளிகளை விட இதிலேயே அதிகம். 11 அடி தூரத்திலிருந்தும் இது கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அதற்குத் திரைக்குப் போதிய பிரகாசம் வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் எச்.டி.ஆர். சமிக்ஞையைப் புரிந்துகொள்கின்றன, அதைக் காட்டும் ஒளி அவற்றிடம் இல்லை. அதனால் படம் முழுவதையும் இருட்டாக்கி ஈடுசெய்கின்றன. உங்களுடையது அப்படியானதாயின், பொக்ஸில் எச்.டி.ஆரை நிறுத்திவிடுவதே நல்லது. வெளிறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரடி ஒளிபரப்பில் பரவலாகப் பயன்படுவது பிபிசியும் ஜப்பானின் என்.எச்.கே.யும் சேர்ந்து உருவாக்கிய எச்.எல்.ஜி. என்ற முறை. பொக்ஸ் அதை அனுப்பும்போது தொலைக்காட்சி அதை அடையாளம் காணாவிட்டால் நிறங்கள் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். தொலைக்காட்சி அமைப்புகளில், பொக்ஸ் செருகப்பட்டுள்ள எச்.டி.எம்.ஐ. துவாரத்துக்கு மேம்பட்ட சமிக்ஞையை அனுமதிக்கும் தெரிவு இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அநேக பெட்டிகளில் அது கடையிலிருந்து வரும்போது நிறுத்தப்பட்டே இருக்கும்.

கேள்வி: புறக்கோட்டையில் விலையுயர்ந்த, தங்கமுலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினால் 4கே படம் தெளிவடையுமா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: தெளிவடையாது. வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் என்று சான்றளிக்கப்பட்ட சாதாரண கேபிள் போதும். கேபிள் பழுதானால் திரையில் மின்னும் புள்ளிகள் வரும், அல்லது படமே வராது. மங்கலாக்கும் வேலையை அது செய்யாது.

கேள்வி: இவ்வளவையும் சரிபார்த்துவிட்டேன். இன்னும் எச்.டி. அலைவரிசைக்கும் 4கே அலைவரிசைக்கும் வித்தியாசம் இல்லை. மேலதிகக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்துவதா?
– அரச ஊழியர், கொள்ளுப்பிட்டி

பதில்: நீங்கள் உட்காரும் தூரத்திலிருந்து, உங்கள் பெட்டியில், முழு ஆட்டம் ஒன்றைப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்வது காற்றோடு போய்விடுகிறது. 'படம் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் டிஷ் பார்க்க ஆள் அனுப்புவார்கள். அலைவரிசை இலக்கம், திகதி, நேரம், எத்தனையாவது ஓவர், எந்தக் காட்சியில் என்ன குறை என்பவற்றைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் தொலைக்காட்சித் திரையை உங்கள் கைத்தொலைபேசியில் படமெடுத்து இணையுங்கள். பின்னர் மூன்று விடயங்களுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: அந்த ஆட்டம் உங்களுக்கு எந்த அளவில் வழங்கப்பட்டது, வினாடிக்கு எத்தனை சட்டகங்களாக ஒளிபரப்பப்பட்டது, 4கே அலைவரிசைக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்கப்பட்டுள்ளது. பதில் கிடைத்தால் அதன் பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள்; பெயரை வெளியிடாமல் அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம்.